சுவரொட்டி அச்சு முறைகளும் செலவும்

சுவரொட்டி அச்சு முறைத் தேர்வு என்பது, தேவைப்படும் படிகளின் எண்ணிக்கை, அளவு, நிறங்கள், கால அவகாசம் ஆகியவற்றைக் கருத்திற்கொண்டு, ஒரு படிக்கு ஆகும் செலவு மிகக் குறைவாக அமையும் அச்சு முறையைத் தீர்மானிப்பதாகும். தமிழ்நாட்டில் திரைப்படம், தேர்தல், கோயில் திருவிழா, திருமண வாழ்த்து, பூப்புனித நீராட்டு விழா, கண்ணீர் அஞ்சலி எனப் பலவகை நிகழ்வுகளுக்கும் சுவரொட்டி ஒட்டும் வழக்கம் உள்ளது. விருதுநகர் மாவட்டத்தின் இராஜபாளையம், திருவில்லிபுத்தூர் ஆகிய ஊர்கள் இத்தேர்வை விளக்குவதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டாகும். இந்தியாவின் முதன்மையான அச்சுத்தொழில் நகரங்களுள் ஒன்றான சிவகாசி, திருவில்லிபுத்தூரிலிருந்து சுமார் 20 கி.மீ., இராஜபாளையத்திலிருந்து சுமார் 30 கி.மீ. தொலைவிலேயே அமைந்துள்ளது. மூன்று ஊர்களும் விருதுநகர் - தென்காசி இருப்புப்பாதையில் அடுத்தடுத்து வருகின்றன. உள்ளூர்ச் சிறு அச்சகமா, சிவகாசியின் பெரிய எந்திரமா என்ற கேள்வி இவ்விரு ஊர்களிலும் சுவரொட்டி அடிக்க விரும்பும் எவருக்கும் எழக்கூடியதாகும்.

வரலாறு

பெரிய எழுத்தும் படமும் கொண்ட சுவரொட்டிகள் மலிவாகக் கிடைக்க வழிசெய்தது கல்லச்சு முறையாகும். இதனை அலாய்ஸ் செனபெல்டர் என்பவர் 1796ஆம் ஆண்டு பவேரியாவில் கண்டுபிடித்தார். எண்ணெயும் நீரும் ஒன்றுடன் ஒன்று சேரா என்பதே இதன் அடிப்படை. சுண்ணாம்புக் கல்லின் மேல் எண்ணெய்ப் பசையுள்ள மையினால் வரைந்து, கல்லை நனைத்து, அதன்மேல் மை உருளையை ஓட்டினால், வரைந்த இடம் மட்டும் மையை ஏற்கும். ஜூல்ஸ் ஷெரே 1860களில் பாரிசில் இம்முறையைப் பல நிறச் சுவரொட்டிகளுக்குப் பயன்படுத்தினார். இந்தியாவில் ஓவியர் இரவிவர்மா 1894இல் பம்பாயில் தொடங்கிய அச்சகம், தெய்வப் படங்களைக் கல்லச்சின் வழியாக எளிய வீடுகளுக்கும் கொண்டு சேர்த்தது.

சிவகாசிக்கு அச்சுத்தொழில் தீப்பெட்டியின் வழியாகவே வந்தது. 1920களின் தொடக்கத்தில் பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டி செய்யும் முறையைக் கற்று வந்து தொழில் தொடங்கினர். ஒவ்வொரு தீப்பெட்டிக்கும் பல நிறச் சீட்டு ஒன்று தேவைப்பட்டது. பட்டாசுத் தொழில் வளர்ந்தபோது அதற்கும் சீட்டுகளும் உறைகளும் தேவைப்பட்டன. அவற்றை வெளியூரில் அச்சடித்து வாங்குவதை விட உள்ளூரிலேயே அச்சடிப்பது இலாபமாக இருந்ததால் கல்லச்சகங்களும், பின்னர் மறுதோன்றி அச்சகங்களும் பெருகின. மழை குறைந்த வறண்ட தட்பவெப்பமும் இதற்குத் துணை நின்றது. தாள் ஈரத்தை உறிஞ்சினால் சிறிதளவு விரியும். ஒரு நிறம் அடித்த தாள், அடுத்த நிறம் அடிப்பதற்குள் விரிந்துவிட்டால் நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாமல் விலகி நிற்கும். ஒற்றை நிற எந்திரத்தில் நான்கு முறை தாளை ஓட்டிப் பல நிறப்படம் அடித்த காலத்தில் இது சிறிய நன்மை அன்று.

அக்காலத்தில் சிற்றூர்களின் சுவரொட்டி பெரும்பாலும் எழுத்துச் சுவரொட்டியாகவே இருந்தது. ஈயத்தில் மிகப் பெரிய எழுத்துகளை வார்த்தால் எடையும் விலையும் கூடும் என்பதால், மரத்தில் செதுக்கிய எழுத்துகளை அச்சுக்கோத்து ஒன்றிரண்டு நிறங்களில் அடித்தனர். நாடகம், பொதுக்கூட்டம் முதலியவற்றின் அறிவிப்புகள் இவ்வாறே வெளிவந்தன. கணினி வழி எழுத்துக்கோப்பு பரவியபின் மர எழுத்துகளுக்கு வேலை இல்லாமற் போனது. அவற்றுள் பல விறகாகிவிட்டன. தமிழ் எழுத்துருவியலுக்கு இஃது ஈடுசெய்ய முடியாத இழப்பாகும்.

அச்சு முறைகள்

மறுதோன்றி அச்சு

ஆப்செட் என்று வழங்கப்படும் இம்முறையே பெருந்தொகைச் சுவரொட்டிகளுக்கு இன்று முதன்மையானதாகும். கல்லச்சின் அதே எண்ணெய் - நீர் விலக்கம் இங்கும் செயற்படுகின்றது. கல்லுக்குப் பதிலாக மெல்லிய அலுமினியத் தகடு ஓர் உருளையில் பொருத்தப்படும். தகட்டிலுள்ள படம் முதலில் இரப்பர் விரிப்புச் சுற்றிய உருளையில் பதிந்து, அங்கிருந்து தாளில் பதியும். தாளில் இம்முறையைப் புகுத்தியவராக அறியப்படுபவர் அமெரிக்காவின் நியூ செர்சியைச் சேர்ந்த ஐரா ரூபெல் ஆவார். 1904ஆம் ஆண்டு வாக்கில் அவரது எந்திரத்தில் தாள் செலுத்தப்படாமல் தவறியபோது, படம் இரப்பர் பரப்பில் பதிந்து, அடுத்து வந்த தாளின் பின்புறத்தில் மிகத் தெளிவாக விழுந்தது. மெத்தென்ற இரப்பர், தாளின் மேடுபள்ளங்களுக்கு ஏற்ப வளைந்து கொடுப்பதே அத்தெளிவிற்குக் காரணம். சுவரொட்டிக்குரிய சொரசொரப்பான மலிவுத் தாளிலும் ஆப்செட்டில் படம் நன்றாக விழுவதற்கும் இதுவே காரணமாகும்.

பல நிறச் சுவரொட்டிக்கு நீலம், செந்நீலம், மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு மைகளுக்கு நான்கு தகடுகள் தேவை. நான்கு நிற எந்திரத்தில் ஒரே ஓட்டத்தில் வேலை முடியும். தகடுகள் செய்தல், எந்திரத்தில் பூட்டுதல், மையளவும் நிறப்பொருத்தமும் சரியாகும் வரை தாள்களை ஓட்டிக் கழித்தல் ஆகியவை, ஒரு படி அடித்தாலும் இலட்சம் படி அடித்தாலும் மாறாத செலவுகளாகும். எந்திரம் சீரானபின் மணிக்குப் பல ஆயிரம் தாள்கள் ஓடும்.

திரை அச்சு

சட்டத்தில் இழுத்துக் கட்டிய நைலான் அல்லது பாலியெசுடர் வலைத்துணியில், படம் இல்லாத கண்களை அடைத்துவிட்டு, எஞ்சிய கண்களின் வழியே மையை இரப்பர்ப் பட்டையால் அழுத்தித் தள்ளுவது திரை அச்சாகும். முதலீடு மிகக் குறைவு. வீட்டின் ஓர் அறையே அச்சகமாகலாம். மை தடிப்பாகப் படிவதால் வெயிலில் எளிதில் வெளுக்காது. துணி, தகரம், பலகை ஆகியவற்றிலும் அச்சிடலாம். ஆனால் ஒவ்வொரு தாளையும் கையால் வைத்து எடுத்து உலர்த்த வேண்டும். நிறம் ஒன்றுக்கு ஒரு திரை வேண்டும். ஆகவே ஓரிரு நிறங்களில் சில நூறு படிகள் என்ற அளவிலேயே இது சிக்கனமானது.

எண்ணிம அச்சு

கணினிக் கோப்பிலிருந்து தகடின்றி நேரே தாளில் அச்சிடுவது எண்ணிம அச்சு. தொடக்கச் செலவு ஏறத்தாழ இல்லை. முதல் படியும் நூறாவது படியும் ஒரே விலை. பல எண்ணிம எந்திரங்கள் 13 × 19 அங்குலம் அளவிலான தாள்களையே ஏற்பதால், பெரிய சுவரொட்டியை இரண்டு மூன்று துண்டுகளாக அடித்து ஒட்ட வேண்டியிருக்கும். அகலமான மைப்பீச்சு எந்திரங்களில் இக்குறை இல்லை எனினும் அவற்றின் விலை சதுர அடிக் கணக்கிலேயே அமையும்.

செலவுக் கணக்கு

எம்முறையிலும் மொத்தச் செலவு இரு பகுதிகளைக் கொண்டது: படிகளின் எண்ணிக்கையால் மாறாத நிலைச்செலவு, படி தோறும் கூடும் மாறும் செலவு. நிலைச்செலவு மிகுந்த முறையை, அது குறைந்த முறையோடு ஒப்பிடும்போது, இரு முறைகளின் நிலைச்செலவு வேறுபாட்டை, அவற்றின் படிச்செலவு வேறுபாட்டால் வகுத்தால் இரண்டும் சமமாகும் எண்ணிக்கை கிடைக்கும். அதற்குக் கீழே ஒரு முறையும், மேலே மற்றொரு முறையும் சிக்கனமாகும்.

விளக்கத்திற்காக மட்டும் சில எண்களை எடுத்துக்கொள்ளலாம். இவை சந்தை விலைகள் அல்ல. நான்கு நிற ஆப்செட்டின் நிலைச்செலவு 6,000 ரூபாய், தாளும் மையும் ஓட்டமும் சேர்த்துப் படி ஒன்றுக்கு 4 ரூபாய் எனக் கொள்வோம். எண்ணிம அச்சில் நிலைச்செலவு இல்லை, படி ஒன்றுக்கு 28 ரூபாய். 6,000ஐ 24ஆல் வகுக்க 250 வரும். 250 படிகளில் இரு முறைகளுக்கும் 7,000 ரூபாயே ஆகும். 100 படிகளுக்கு எண்ணிம அச்சில் 2,800 ரூபாய், ஆப்செட்டில் 6,400 ரூபாய். 1,000 படிகளுக்கு நிலைமை தலைகீழாகி, ஆப்செட் 10,000 ரூபாயிலும், எண்ணிம அச்சு 28,000 ரூபாயிலும் முடியும்.

இதே கணக்கை மேலும் நீட்டினால் பலர் கவனிக்கத் தவறும் ஓர் உண்மை தெரியும். ஆப்செட்டில் 1,000 படிகள் அடித்தால் படி ஒன்று 10 ரூபாய், 5,000 அடித்தால் 5 ரூபாய் 20 காசு, 20,000 அடித்தால் 4 ரூபாய் 30 காசு. முதல் ஏற்றத்தில் விலை பாதியாகின்றது. அடுத்ததில், எண்ணிக்கை நான்கு மடங்காகியும், 90 காசு மட்டுமே குறைகின்றது. 20,000 படிகளில் நிலைச்செலவு மொத்தத்தில் 7 விழுக்காடு மட்டுமே. எனவே சில ஆயிரங்களைக் கடந்தபின் அச்சகத்தோடு தகட்டுக் கூலிக்குப் பேரம் பேசுவதில் பெரும்பயன் இல்லை. தாளைச் சரியாகத் தேர்ந்தெடுப்பதிலேயே மிச்சம் உள்ளது. "இன்னும் ஆயிரம் சேர்த்து அடித்தால் மலிவு" என்ற பேச்சும் இங்கே ஐயத்திற்குரியது. ஒட்டப்படாமல் கட்டாகவே கிடந்து பழைய தாளாக எடைக்குப் போகும் சுவரொட்டியின் உண்மையான விலை அதன் முழு விலையாகும்.

கழிவுத் தாளும் இவ்வாறே. எந்திரத்தைச் சீராக்க 200 தாள்கள் கழியும் எனக் கொண்டால், 1,000 படிகளுக்கு அது 20 விழுக்காடு; 20,000 படிகளுக்கு 1 விழுக்காடு. மதிப்பீடு பெறும்போது கழிவுத் தாள் யார் கணக்கில் என்பதைக் கேட்டுக்கொள்ளுதல் நன்று.

தாள்

இந்தியாவில் சுவரொட்டிக்கு 20 × 30 அங்குலம் கொண்ட டபுள் கிரவுன் அளவும், திரைப்படச் சுவரொட்டிக்கு 30 × 40 அங்குலமும் பரவலாகப் பயன்பட்டு வருகின்றன. அளவைத் தாளுக்கும் எந்திரத்திற்கும் பொருந்துமாறு தேர்ந்தெடுக்க வேண்டும். வடிவமைப்பாளர் தம் விருப்பப்படி 21 அங்குல அகலம் வைத்துவிட்டால், அடுத்த பெரிய தாளை வாங்கி ஓரத்தை வெட்டி எறிய நேரிடும்.

தாளின் தடிமன், ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்ற ஜி.எஸ்.எம். கணக்கில் கூறப்படும். ஆனால் தாள் விற்கப்படுவது எடையில். 500 தாள் கொண்ட ஒரு ரீமின் எடையை அறிய, நீளத்தையும் அகலத்தையும் சென்டிமீட்டரில் பெருக்கி, ஜி.எஸ்.எம். எண்ணாலும் 500ஆலும் பெருக்கி, ஒரு கோடியால் வகுக்க வேண்டும். டபுள் கிரவுன் 60 ஜி.எஸ்.எம். தாளின் ரீம் ஏறத்தாழ 11.6 கிலோ, 80 ஜி.எஸ்.எம். எனில் ஏறத்தாழ 15.5 கிலோ. அதாவது தடிமனை 60இலிருந்து 80ஆக உயர்த்தினால் தாள் செலவு மூன்றில் ஒரு பங்கு கூடுகின்றது.

சுவரில் ஒட்டப்படும் சுவரொட்டிக்கு அந்தக் கூடுதல் தடிமன் தேவையும் இல்லை. மெல்லிய தாள் பசையை ஏற்றுச் சுவரின் மேடுபள்ளத்தோடு படிந்துவிடும். தடித்த தாள் உலரும்போது சுருண்டு கழன்று வரும். ஒருபுறம் மட்டும் பளபளப்பும், மறுபுறம் சொரசொரப்பும் உள்ள சுவரொட்டித் தாள் இதற்கெனவே ஆக்கப்பட்டது. பளபளப்பான புறம் மையையும், சொரசொரப்பான புறம் பசையையும் ஏற்கின்றன. கடைக்குள் மாட்டிவைக்கும் விளம்பரத்திற்கே பூச்சிட்ட ஆர்ட் தாள் பொருந்தும்.

நிறங்களைக் குறைத்தலும் பகிர்தலும்

எழுத்து மட்டுமே உள்ள அறிவிப்பை ஒன்று அல்லது இரண்டு நிறங்களில் அடித்தால் தகடுகளும் ஓட்டங்களும் குறையும். மஞ்சள், இளஞ்சிவப்பு போன்ற நிறத் தாளில் கறுப்பு மையால் அடிப்பது, ஒற்றை நிறச் செலவில் இரு நிறத் தோற்றம் தரும் பழைய உத்தி. ஒரே மைத்தொட்டியின் இரு முனைகளிலும் வெவ்வேறு மைகளை இட்டு, நடுவில் அவை கலந்து வானவில் போல் தோன்றச் செய்யும் உத்தியும் பல நாடுகளின் மலிவுச் சுவரொட்டிகளில் காணப்படுகின்றது.

இராஜபாளையத்திலும் திருவில்லிபுத்தூரிலும் கிளை வைத்துள்ள ஒரு துணிக்கடைக்கு, முகவரி மட்டும் வேறுபடும் இரு சுவரொட்டிகள் தேவை எனக் கொள்வோம். தனித்தனி வேலையாகக் கொடுத்தால் எட்டுத் தகடுகள் ஆகும். மாறும் எழுத்துகள் அனைத்தையும் தூய கறுப்பில் மட்டும் அமைத்துவிட்டால், நீலம், செந்நீலம், மஞ்சள் தகடுகள் இரண்டிற்கும் பொதுவாகி, கறுப்புத் தகடு மட்டும் இரண்டாகும். மொத்தம் ஐந்து தகடுகள் போதும். முதல் ஊரின் படிகள் ஓடி முடிந்ததும் கறுப்புத் தகட்டை மட்டும் கழற்றி மாற்றுவர். எழுத்தை வெண்ணிறத்திலோ பல நிறக் கலவையிலோ அமைத்தால் இவ்வழி அடைபட்டுவிடும். ஆதலால் இம்முடிவு அச்சகத்தில் அன்று, வடிவமைப்பு மேசையிலேயே எடுக்கப்பட வேண்டியதாகும்.

இதன் மற்றொரு வடிவம், படத்தைப் பெருந்தொகையாகப் பல நிறத்தில் அடித்துவிட்டு, பெயருக்கான இடத்தை வெற்றாக விட்டு, பின்னர் சிறு எந்திரத்தில் ஒற்றை நிறத்தில் நிரப்புவதாகும். சிவகாசியின் நாட்காட்டித் தொழில் பெரிதும் இம்முறையிலேயே நடைபெறுகின்றது. ஒரே முருகன் படம் ஆயிரக்கணக்கில் அச்சாகி, பின்னர் நூறு இருநூறாகப் பிரிந்து வெவ்வேறு கடைகளின் பெயரைத் தாங்குகின்றது. திரைப்படச் சுவரொட்டியின் கீழே திரையரங்கின் பெயரும் காட்சி நேரமும் தனிச் சீட்டாக ஒட்டப்படுவதும் இதே கணக்கின் விளைவே.

காலமும் தொலைவும்

விலை மட்டுமே தேர்வைத் தீர்மானிப்பதில்லை. கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி, இறந்தவரின் உடல் எடுக்கப்படும் முன் சுவரில் இருக்க வேண்டும். கையிலிருப்பது சில மணி நேரம். தேவைப்படுவது ஐம்பது, நூறு படிகள். இங்கு உள்ளூர் அச்சகமும் எண்ணிம அச்சுமே பொருந்தும். சிவகாசியில் படி பத்து ரூபாய் குறையும் என்பதால் ஒருவருக்கும் பயனில்லை.

திருவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலின் ஆடிப்பூரத் தேர்த்திருவிழா இதற்கு நேர்மாறானது. நாள் ஆண்டின் தொடக்கத்திலேயே பஞ்சாங்கத்தில் தெரிந்துவிடும். வாழ்த்துச் சுவரொட்டி அடிப்போர் பல வாரங்களுக்கு முன்பே சிவகாசியில் வேலையைக் கொடுக்க இயலும். எனினும் ஒன்றைக் கருத வேண்டும். சிவகாசி நாட்காட்டி நிறுவனங்கள் ஆடிப்பெருக்கு நாளில் புத்தாண்டு மாதிரித் தொகுப்புகளை வெளியிட்டு வேலைகளைப் பெறத் தொடங்குவது வழக்கம். அதன்பின் மார்கழி வரை எந்திரங்களுக்கு ஓய்வு குறைவு. அவசர வேலையைத் தவிர்க்க விரும்புவோர் ஆடி பிறக்கும் முன்பே முடித்துக்கொள்வது நல்லது.

தொலைவு குறைவாக இருப்பதன் நன்மை வண்டி வாடகையில் மட்டும் இல்லை. 60 ஜி.எஸ்.எம். டபுள் கிரவுன் சுவரொட்டி 20,000 படிகள் ஏறத்தாழ 464 கிலோ எடையுள்ளவை. சிறு சரக்கு வண்டி ஒன்று ஒரே நடையில் கொண்டு சேர்த்துவிடும். அதைவிடப் பெரிய நன்மை, எந்திரம் ஓடும்போது வாடிக்கையாளரே சென்று முதல் தாளைப் பார்த்து ஒப்புதல் தரலாம் என்பதாகும். கணினித் திரையில் ஒளிர்ந்த சிவப்பு, மலிவுத் தாளில் மங்கித் தெரிவதும், தலைவர் பெயரில் ஓர் ஒற்றெழுத்து விடுபட்டிருப்பதும் அப்போதே கண்டுபிடிக்கப்படும். சென்னையிலோ பிற மாநிலத்திலோ இருந்து சிவகாசிக்கு வேலை கொடுப்போருக்கு இவ்வாய்ப்பு எளிதில் கிட்டாது.

ஒட்டுதலும் நீடிப்பும்

அச்சுச் செலவோடு ஒட்டும் கூலியையும் பசையையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். மைதா மாவைக் காய்ச்சிய பசையே பெருவழக்கு. பூஞ்சையும் பூச்சியும் பற்றாமலிருக்க அதில் மயில்துத்தம் கலப்பதுண்டு. இது நச்சுத்தன்மை உடையது. பசையின் மணத்திற்குச் சுவரொட்டியைக் கிழித்துத் தின்னும் மாடுகளைத் தமிழ்நாட்டின் தெருக்களில் காணலாம் என்பதால் இதனை அற்பமாகக் கருத இயலாது.

வெயிலில் மஞ்சளும் செந்நீலமும் விரைவில் வெளுத்து, நீலமும் கறுப்பும் எஞ்சும். பழைய திரைப்படச் சுவரொட்டிகளில் நடிகர்களின் முகம் நீலம் பாய்ந்திருப்பது இதனாலேயே. சில மாதங்கள் நிற்க வேண்டிய அறிவிப்பில் முக்கியமான எழுத்துகளைச் சிவப்பில் அமைக்காமல் கறுப்பில் அமைப்பது செலவில்லாத பாதுகாப்பாகும்.

2000களில் பரவிய பிளெக்சு பதாகைகள், கையால் எழுதிய விளம்பரப் பலகைகளையும் பெரிய சுவரொட்டிகளில் ஒரு பகுதியையும் இடம்பெயர்த்தன; பலகை ஓவியர் பலர் வேறு தொழிலுக்குச் சென்றனர். பி.வி.சி. விரிப்பில் மைப்பீச்சு முறையில் அச்சாகும் இவை மழைக்குத் தாங்கும். ஆனால் எண்ணிம அச்சின் கணக்கே இவற்றிற்கும் பொருந்துவதால், ஓரிடத்தில் பெரிதாக நிற்கும் ஒன்றிரண்டிற்கே இவை சிக்கனம். நூறு சுவர்களுக்கு அன்று. மேலும் இவை மக்கிப் போவதில்லை.

சட்ட நெறிகள்

பொதுவிடங்களில் உரிய அனுமதியின்றி விளம்பரம் ஒட்டுவதை 1959ஆம் ஆண்டின் தமிழ்நாடு திறந்தவெளி இடங்கள் அழகு கெடுத்தல் தடுப்புச் சட்டம் கட்டுப்படுத்துகின்றது. தேர்தல் சுவரொட்டிகளுக்கு 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127அ பிரிவு பொருந்தும். அதன்படி அச்சிடுபவர், வெளியிடுபவர் ஆகியோரின் பெயரும் முகவரியும் சுவரொட்டியின் முகப்பில் இருத்தல் வேண்டும். வெளியிடுபவர் தம் அடையாளம் குறித்து, தம்மை நேரில் அறிந்த இருவரின் சான்றொப்பத்துடன் உறுதிமொழி தர வேண்டும். மீறினால் ஆறு மாதம் வரை சிறையோ, 2,000 ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

இப்பகுதியில் இவ்விதி சற்றுச் சிக்கலான வடிவம் பெறுகின்றது. 2008ஆம் ஆண்டின் தொகுதி மறுசீரமைப்பின்படி இராஜபாளையம், திருவில்லிபுத்தூர் சட்டமன்றத் தொகுதிகள் தென்காசி மக்களவைத் தொகுதியிலும், சிவகாசி விருதுநகர் மக்களவைத் தொகுதியிலும் அடங்கின. மாநிலத் தலைநகருக்கு வெளியே அச்சிடப்படும் தேர்தல் சுவரொட்டியின் படியும் உறுதிமொழியின் படியும், அது அச்சிடப்படும் மாவட்டத்தின் ஆட்சியருக்கே அனுப்பப்பட வேண்டும். ஆகவே தென்காசித் தொகுதி வேட்பாளருக்காகச் சிவகாசியில் அச்சாகும் சுவரொட்டியின் படி, தென்காசி மாவட்ட ஆட்சியருக்கன்றி, விருதுநகர் மாவட்ட ஆட்சியருக்குச் செல்கின்றது.